பேயா, கருவியா, ஆளா? மூன்றையும் கலக்கும் நாவல் எப்படி இயங்குகிறது

சுஜாதாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்துவிடும். தமிழில் சயின்ஸ் ஃபிக்‌ஷனைப் பரவலாக்கியவர் என்பது ஒன்று. 'கொலையுதிர் காலம்' நாவலை ராத்திரி தனியாக உட்கார்ந்து படிக்க முடியாது, அப்படிப்பட்ட பேய்க்கதை என்பது இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர், "அது பேய்க்கதை இல்லப்பா, சயின்ஸ் கதை" என்பார், இன்னொருவர் "ரெண்டும் இல்ல, அது ஒரு கொலைக் கேஸ்" என்பார், பேச்சு அதோடு நின்றுவிடும். மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்க முடியும்? அதைத்தான் இங்கே அடியிலிருந்து பார்க்கப் போகிறோம்.

மர்மம், திகில், அமானுஷ்யம், அறிவியல் புனைவு என்ற பெயர்களை நாம் ரொம்பத் தளர்வாகப் பயன்படுத்துகிறோம். புரியாத ஏதாவது நடந்தால் மர்மம், பயமாக இருந்தால் அமானுஷ்யம், வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் வந்தால் சயின்ஸ் ஃபிக்‌ஷன். அதனால் இவற்றைக் கலந்து எழுதுவதென்றால் ஒரு பேய், ஒரு கொலை, ஒரு இயந்திரம் மூன்றையும் ஒரே கதைக்குள் போட்டுவிடுவது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படிப் போட்டுவிட்டால் கதை நிற்காது, எங்கோ ஓரிடத்தில் மூன்றும் ஒன்றையொன்று கெடுத்துவிடும். ஏன் என்று தெரிந்தால்தான் சுஜாதா செய்தது எவ்வளவு கஷ்டமான வேலை என்பதும் தெரியும்.

மொட்டை மாடியில் ஒரு சத்தம்

நடுராத்திரி, மொட்டை மாடியில் யாரோ நடப்பது மாதிரி சத்தம். வீட்டில் மூன்று பேர் விழித்துக்கொள்கிறார்கள். அப்பா டார்ச்சை எடுக்கிறார். அவருக்கு அது திருடன். மாடிக் கதவின் தாழ்ப்பாள் திறந்திருக்கிறதா, தூசியில் கால்தடம் இருக்கிறதா, வீட்டில் நகை இருப்பது யார் யாருக்குத் தெரியும் என்று அவர் யோசனை போகிறது. அண்ணனுக்கு அது தகரக் கூரை. பகலெல்லாம் வெயிலில் விரிந்த தகடு ராத்திரி குளிரில் சுருங்கும்போது 'டொக் டொக்' என்று கேட்கும், நாளைக்கும் இதே நேரத்துக்குக் கேட்டால் நிச்சயம் என்கிறான். பாட்டி எதையும் தேடவில்லை. இன்றைக்கு அமாவாசை, பக்கத்து வீட்டில் போன வருஷம் தூக்கு மாட்டிக்கொண்ட பெண்ணின் நினைவு அவருக்கு, விபூதியை எடுத்து எல்லோர் நெற்றியிலும் பூசுகிறார்.

சத்தம் ஒன்றுதான், ஆனால் எதைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது, எதைப் பதிலாக ஒப்புக்கொள்வது என்பதில் மூவரும் வேறு. அப்பாவுக்குப் பதில் ஒரு ஆள். அண்ணனுக்குப் பதில் ஒரு விதி. பாட்டிக்குப் பதில் தேவையே இல்லை, மரியாதை கொடுத்தால் போதும்.

கதை வகைகளின் வித்தியாசமும் இதுவேதான். கதையில் பேய் வருகிறதா, ரோபோ வருகிறதா என்று பார்த்து வகை பிரிக்கக் கூடாது. கடைசியில் எந்த மாதிரி விளக்கத்தை வாசகன் ஒப்புக்கொள்ளப் போகிறான் என்பதுதான் வகை. அந்தப் புரிதலை 'ஒப்பந்தம்' என்று அழைக்கலாம்: எழுத்தாளரும் வாசகரும் சொல்லாமலே செய்துகொள்ளும் உடன்பாடு.

துப்பறியும் கதை: மற்ற இரண்டுக்கும் கதவை மூடிய வகை

துப்பறியும் கதை ஆங்கிலத்தில் 1841இல் எட்கர் ஆலன் போவோடு தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். பூட்டிய அறைக்குள் கொலை, போலீஸ் திணறுகிறது, ஒருவர் மட்டும் தர்க்கத்தால் விடையைப் பிடிக்கிறார். இதில் எழுத்தாளர் கொடுக்கும் உறுதி ரொம்பக் கறாரானது. துப்பறிபவருக்குக் கிடைக்கும் துப்புகளெல்லாம் உங்களுக்கும் கிடைக்கும், நீங்களும் அவரோடு போட்டி போடலாம் என்பதே அந்த உறுதி.

1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அவரே துப்பறியும் கதைகள் எழுதியவர், இந்த வகைக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். இயற்கையை மீறிய எந்தச் சக்தியும் கதைக்குள் வரக் கூடாது என்பது அதில் ஒன்று. இதுவரை யாரும் கண்டுபிடிக்காத விஷமோ, கடைசியில் நீண்ட அறிவியல் விளக்கம் தேவைப்படும் கருவியோ வரக் கூடாது என்பது இன்னொன்று. முதல் கட்டளை அமானுஷ்யத்தை வெளியே தள்ளுகிறது, இரண்டாவது அறிவியல் புனைவை வெளியே தள்ளுகிறது. அதாவது நாம் கலக்க நினைக்கும் மூன்றில் ஒன்று, மற்ற இரண்டையும் வாசலிலேயே நிறுத்திவிட்ட வகை.

காரணம் வறட்டுப் பிடிவாதம் இல்லை. பூட்டிய அறைக்குள் கொலைகாரன் எப்படி நுழைந்தான் என்று இருநூறு பக்கம் மண்டையை உடைத்துக்கொண்டபின், சுவரை ஊடுருவும் ஆவி என்றோ சுவரை ஊடுருவும் இயந்திரம் என்றோ சொன்னால், நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண். இரண்டு பதிலும் ஒரே குற்றத்தைத்தான் செய்கின்றன.

அறிவியல் புனைவு: விதியை முதலிலேயே சொல்லிவிடு

அறிவியல் புனைவில் நம் உலகில் இல்லாத ஏதோ ஒன்று இருக்கும், ஆனால் அது விதிகளுக்குக் கட்டுப்பட்டதாக இருக்கும். காரணம் உண்டு, காரணத்தைத் தேடிப் போனால் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் இதன் ஒப்பந்தம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற நாய் பேசுகிறது, புத்தகம் படிக்கிறது. நமக்குத் திக் என்று இருப்பதில்லை, அது ரோபோ என்று தெரியும், அந்த உலகில் அப்படி ஒன்றைச் செய்ய முடியும் என்று ஒப்புக்கொண்டுதான் படிக்கிறோம்.

இந்த வகையில் துப்பறியும் கதை எழுதவே முடியாது என்று ஒரு கருத்து அமெரிக்காவில் இருந்தது. துப்பறிபவர் கடைசிப் பக்கத்தில் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து "இதோ கொலைகாரன்" என்றால் என்ன செய்வது? அப்படி வாதிட்டவர் ஜான் கேம்ப்பெல், அந்தக் காலத்தின் பெரிய அறிவியல் புனைவுப் பத்திரிகை ஆசிரியர். முடியும் என்று காட்டியவர் ஐசக் அசிமோவ். 1953இல் தொடராக வந்த அவருடைய நாவல் ஒன்றில் ஒரு மனிதப் போலீஸ்காரரும் மனித உருவ ரோபோவும் சேர்ந்து ஒரு கொலையைத் துப்பறிகிறார்கள். ரோபோவால் என்ன முடியும், என்ன முடியாது என்பது முன்னாலேயே வாசகருக்குத் தெரிந்துவிடுவதால் புதிராட்டம் நேர்மையாகவே நடக்கிறது. கருவி இருக்கலாம், ஆனால் தேவைப்படும் இடத்துக்கு முன்பே அதை மேஜைமேல் வைத்துவிட வேண்டும். நாக்ஸ் பயந்த பிரச்சினைக்கு இது ஒழுங்கான தீர்வு.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: துப்பறியும் கதை 'யார்' என்று கேட்கிறது, அறிவியல் புனைவு 'எந்த விதிப்படி' என்று கேட்கிறது, விதியை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் இரண்டும் ஒரே கதைக்குள் சண்டையில்லாமல் இருக்கும்.

அமானுஷ்யம் வந்தால் ஏன் சிக்கல்

இங்கேதான் நிஜமான தொந்தரவு ஆரம்பிக்கிறது. பேயின் விதிகளை முழுசாகச் சொல்லிவிட்டால் அது பேயாக இருப்பதில்லை, இன்னொரு கருவியாகிவிடும். விதியைச் சொல்லாமல் விட்டாலோ துப்பறிய முடியாது. பாட்டியை அப்பாவோடு டார்ச் எடுத்துக்கொண்டு மாடிக்கு அனுப்புகிற மாதிரி. இருவரில் ஒருவர் தன் வேலையை விட்டுவிட வேண்டியிருக்கும்.

பெரும்பாலான எழுத்தாளர்கள் இதைச் சுலபமாக முடித்துவிடுவார்கள். ஒன்று, கடைசியில் எல்லாம் மனித வேலை என்று வெளுத்துக் காட்டுவது. ஆங்கில நாவலாசிரியை ஆன் ராட்க்ளிஃப் 1790களிலேயே இதைச் செய்தார், ஷெர்லக் ஹோம்ஸின் பாஸ்கர்வில் நாய் கதையும் அப்படித்தான், நரகத்திலிருந்து வந்ததாக ஊரே நம்பும் நாய் உண்மையில் பாஸ்பரஸ் பூசிய நாய். இன்னொன்று, எல்லாம் பேய்தான் என்று ஒப்புக்கொண்டு துப்பறிவதையே கைவிடுவது. முதலாவது நல்ல துப்பறியும் கதை, இரண்டாவது நல்ல பேய்க்கதையாகக்கூட இருக்கலாம். ஆனால் இரண்டிலும் கலப்பு இல்லை. வேஷம் கலைந்ததும் ஒரே வகைதான் மிஞ்சுகிறது.

தயக்கம் என்ற இயந்திரம்

பல்கேரியாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ட்ஸ்வெட்டான் டோடோரோவ் என்ற இலக்கியக் கோட்பாட்டாளர் 1970இல் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் கொடுத்தார். நாம் அறிந்த உலகில், நம் விதிகளுக்குள் அடங்காத ஒன்று நடக்கிறது. அதைப் பார்ப்பவருக்கு இரண்டு வழிதான். ஒன்று, புலன்கள் ஏமாற்றுகின்றன, உலகின் விதிகள் அப்படியே இருக்கின்றன. இல்லையென்றால் அது நிஜமாகவே நடந்தது, விதிகள்தான் நாம் நினைத்தபடி இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் நிலையைத்தான் அவர் முக்கியமாக நினைத்தார். அதை நாம் 'தயக்கம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

தயக்கம் நீடிக்கும் வரைதான் அந்த விசேஷமான வகை உயிரோடு இருக்கிறது. முதல் வழியின் பக்கம் சாய்ந்தால் கதை விசித்திரமான, ஆனால் விளக்கக்கூடிய சம்பவமாகிவிடும். மறுபக்கம் சாய்ந்தால் அற்புதக் கதையாகிவிடும். கடைசிப் பக்கம் வரை சாயாமல் நிற்கும் கதைகள் அபூர்வம், ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய, இரண்டு குழந்தைகளும் ஒரு ஆசிரியையும் வரும் குறுநாவலை எல்லோரும் அதற்கு உதாரணம் காட்டுவார்கள். அந்த வீட்டில் ஆவிகள் இருந்தனவா, ஆசிரியையின் மனம் பிறழ்ந்ததா என்று இன்னும் சண்டை ஓயவில்லை.

ஆக, கலப்பு நாவலில் பேய் ஒரு பாத்திரம் இல்லை. ஆள், கருவி என்ற விளக்கங்களோடு போட்டியிடும் மூன்றாவது விளக்கம் அது. மூன்றும் சம பலத்தோடு ஓட வேண்டும்.

கணேஷும் வசந்த்தும் எதற்கு இருவர்

இப்போது சுஜாதாவிடம் வருவோம். 1935இல் பிறந்தவர், ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸும் படித்து, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்குள்ளவர். மாடிச் சத்தத்துக்குக் காரணம் கேட்டால் அண்ணன் பக்கம் நிற்க வேண்டிய ஆள்தான், ஆனாலும் பாட்டி சொல்வதை அலட்சியமாகத் தள்ளிவிடாமல் எழுதத் தெரிந்தவர்.

அவருடைய வக்கீல் கணேஷ் முதலில் தனியாகத்தான் வந்தான், 1968இல் வந்த 'நைலான் கயிறு' நாவலில். அவனுடைய ஜூனியர் வசந்த் பிற்பாடுதான் சேர்ந்தான். வசந்த்தை எல்லோரும் ஜோக்குக்காகவும் குறும்புக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள், தப்பில்லை, ஆனால் கொலையுதிர் காலத்தில் அவனுக்கு வேறொரு முக்கியமான வேலை இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்த அந்த நாவலில், ஒரு சொத்து விவகாரத்துக்காக இருவரும் ஒரு குடும்பத்துக்குள் நுழைகிறார்கள், அந்தக் குடும்பத்துக்கு ஒரு பழைய ஆவிக்கதை இருக்கிறது, பிறகு பார்க்கக் கூடாதவற்றைப் பார்க்கிறார்கள், கொலை விழுகிறது. கணேஷ் அறிவியல் விளக்கத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறான். கண்ணால் பார்த்துவிட்ட வசந்த் தடுமாறுகிறான்.

டோடோரோவ் ஒரு மனசுக்குள் வைத்த தயக்கத்தை சுஜாதா இரண்டு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்! இதனால் கிடைக்கும் லாபம் பெரியது. ஒரே ஆள் உள்ளுக்குள் குழம்பிக்கொண்டே இருந்தால் நாலு அத்தியாயத்தில் நமக்கு அலுத்துவிடும். இரண்டு பேர் வாக்குவாதம் செய்தால் அது வசனமாகிவிடுகிறது, வேகமாகிவிடுகிறது, நாமும் ஒருவர் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். கணேஷ் நிதானமானவன், சீனியர், அவன் சொன்னால் நம்பத் தோன்றும். ஆனால் எதையும் லேசாக எடுத்துக்கொள்ளும் வசந்த்தே முகம் வெளிறினால் நமக்கும் வயிற்றைக் கலக்குகிறது. எப்போதும் சிரிக்கிறவன் சிரிப்பதை நிறுத்துவதுதான் அந்தப் புத்தகத்தில் பயமுறுத்தும் விஷயம் என்பேன், ஆவியைவிட.

வாரத் தொடர் என்ற வடிவமும் இதற்குத் தோதாக இருந்தது. ஒவ்வொரு வாரமும் 'தொடரும்' போடும் இடத்தில் தராசு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும் என்பதை எழுத்தாளர் தீர்மானிக்கலாம், அடுத்த வாரம் மறுபக்கம் சாய்க்கலாம். வாசகர் நடுவில் ஏழு நாள் அதோடு வாழ்ந்தாக வேண்டும்.

ஹோலோகிராம்: நாவலும் நிஜமும்

அந்த நாவலில் ஆவியை எதிர்த்து நிற்கும் அறிவியல் விளக்கம் ஹோலோகிராம். இதைப் பற்றியும் நம்மிடையே தவறான எண்ணம் நிறைய உண்டு, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சாதாரண ஃபோட்டோ, ஒரு பொருளிலிருந்து வரும் ஒளி எவ்வளவு பிரகாசம் என்பதை மட்டும்தான் பதிவு செய்கிறது. ஹோலோகிராமில் லேசர் ஒளியை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பகுதி பொருளின்மேல் பட்டுச் சிதறி ஒரு தகட்டுக்கு வரும், மற்றது நேராக அதே தகட்டுக்கு வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் மிக நுண்ணிய வரிகளை உண்டாக்கும், தகடு அந்த வரிகளைப் பதிந்துகொள்ளும். பிறகு அதே மாதிரி ஒளியைத் தகட்டின்மேல் பாய்ச்சினால், பொருள் அங்கேயே இருப்பதுபோல ஒளி நம் கண்ணுக்கு வரும். தலையைச் சாய்த்தால் பொருளின் பக்கவாட்டும் தெரியும். டென்னிஸ் காபோர் 1940களின் இறுதியில் இந்த யோசனையைச் சொன்னார், 1960இல் லேசர் வந்தபிறகுதான் இது ஒழுங்காகக் கைகூடியது, 1971இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கவனிக்க வேண்டியது, ஒளி அந்தத் தகட்டிலிருந்துதான் வர வேண்டும். தகடு இல்லாமல், திரை இல்லாமல், வெட்டவெளியில் ஒரு உருவம் எழுந்து நடந்து போவதற்கு ஹோலோகிராம் போதாது. இறந்துபோன பாடகர் மேடையில் பாடுவதாகக் காட்டிய நிகழ்ச்சிகளை ஹோலோகிராம் என்று விளம்பரப்படுத்தினார்கள், ஆனால் அவற்றில் பிரபலமானவை பெரும்பாலும் 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிய பழைய கண்ணாடித் தந்திரத்தின் மறுபிறவி. சாய்த்து வைத்த தெளிந்த கண்ணாடியில், பார்வையாளருக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் உருவத்தின் பிம்பம் விழும், அது மேடையில் நிற்பதுபோலத் தெரியும். பெப்பர் அதை முதலில் காட்டியதே ஒரு பேய் நாடகத்துக்காகத்தான்.

கதைகளில் உலாவும் ஹோலோகிராம்கள் நிஜத்தைவிட ஒரு படி அதிகம் செய்கின்றன. அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. அறிவியல் புனைவின் ஒப்பந்தமே ஒரு படி முன்னே போகலாம் என்பதுதான். அதோடு, லேசரே புதுசாக இருந்த காலத்தில் வாரப் பத்திரிகை வாசகருக்கு இதையெல்லாம் அறிமுகப்படுத்தி, பேய்க்கு நிகரான ஒரு விளக்கமாக நிறுத்தியது சாதாரணக் காரியம் இல்லை.

மிச்சம்

சரி, இரண்டு விளக்கமும் ஓடின, முடிவு வந்துவிட்டது. இப்போது 'மிச்சம்' என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு விளக்கம் எல்லாத் துப்புகளையும் மூடியபின்னும் மூடாமல் எஞ்சும் சின்னத் துண்டுதான் மிச்சம். அண்ணன் தகரக் கூரையைக் காட்டிவிட்டான், சத்தமும் அதேதான், எல்லோரும் தூங்கப் போகலாம், ஆனால் மாடிப்படியில் மல்லிகை வாசனை எங்கிருந்து வந்தது?

மிச்சம் ரொம்பப் பெரிசாக இருந்தால் எழுத்தாளர் கதையை முடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டார் என்று தோன்றும். மிச்சமே இல்லையென்றால் பேய் வெறும் வேஷம். எழுத்தாளர் தெரிந்தே, முன்னாலேயே விதைத்து, கடைசியில் எடுக்காமல் விட்ட சின்னத் துண்டுதான் வேலை செய்யும். கொலையுதிர் காலம் முடிவில் விளக்கம் இருக்கிறது, கூடவே மிச்சமும் இருக்கிறது, அதற்குமேல் படிக்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். "முடிவே சொல்லாமல் ஏமாற்றிவிட்டார்" என்று அதைப் பற்றி வரும் புகாரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. யார், எதற்கு என்ற கொலைக் கேஸின் கணக்கைத் தீர்க்காமல் விட்டால்தான் அது ஏமாற்று. பேயின் கணக்கைத் திறந்து வைப்பது இந்த வகையின் உரிமை.

இந்திரா சௌந்தர்ராஜனையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் சன் டி.வி.யில் வந்த 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கருப்பசாமியோடு போட்டியிடுவது ஹோலோகிராம் இல்லை, மனநோய் பற்றிய மருத்துவம். விளக்கங்கள் மாறினாலும் ஒரு பக்கம் தெய்வம், ஒரு பக்கம் மருத்துவம், நடுவில் குற்றம் என்ற அமைப்பு அதேதான்.

அப்போ எழுதினவர் பேயை நம்பினாரா

ரொம்பப் பேர் கேட்பது இது. கதையை வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது, ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயிலைப் பார்த்தால் போதும். அவர் ஆவிகளோடு பேச முடியும் என்று மனதார நம்பி ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் இரண்டு சிறுமிகள் எடுத்த தேவதை ஃபோட்டோக்களை உண்மை என்று 1920இல் பத்திரிகையில் எழுதியவர். அதே மனிதர் 1924இல் வெளியிட்ட ரத்தக்காட்டேரிக் கதையில், ஆவிகளுக்கெல்லாம் நம்மிடம் இடமில்லை என்று ஹோம்ஸைக் கறாராகச் சொல்ல வைக்கிறார். சொந்த நம்பிக்கை வேறு, கதையின் ஒப்பந்தம் வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவும் தெரிந்தபின் எதைப் படிக்கலாம் என்றால், கொலையுதிர் காலத்தை மறுபடி எடுத்து, ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் பென்சிலால் 'ஆள்', 'கருவி', 'ஆவி' என்று மூன்றில் எது அப்போது முன்னிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டே போங்கள், தராசு ஆடுவது கண்ணுக்கே தெரியும். அது முடிந்ததும் சுஜாதாவின் 'ஆ'வை எடுங்கள், ஒவ்வொரு அத்தியாயமும் 'ஆ' என்று முடியும் நாவல் அது. தலைக்குள் குரல் கேட்கும் ஒரு இளைஞனின் கதை என்பதால் அங்கே இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது: சாட்சி சொல்ல இருப்பது அவன் ஒருவனுடைய மனம்தான், சந்தேகப்பட வேண்டியிருப்பதும் அதே மனத்தை.